போட்டா இப்பவே தின்னணும்

சீயமங்கலம் குடைவரைக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு புளியமரம். அதன் நிழலில் சாக்கை விரித்து ஆயா ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். சித்திரை மாதம். காலை பத்து மணிக்கே பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது. நாலு பிஞ்சு கேட்டேன். கத்தியை எடுத்தவர் பிளக்கப் போகும்போது நிறுத்திக் கேட்டார்:

"இங்கியே தின்னப் போறியா தம்பி, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"வீட்டுக்குத்தான் ஆயா."

"அப்ப உப்பு தடவல. தாள்ல மடிச்சுத் தனியா தரேன். போட்டா இப்பவே தின்னணும். இல்லன்னா தண்ணி உட்டுக்கும்."

முதல் நாள் ராத்திரி நான் ஒரு கிண்ணம் தயிரைப் பாழாக்கியிருந்தேன். ஏன் பாழானது என்று எனக்கு அதுவரை விளங்கவில்லை. ஆயா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். சீயமங்கலத்தில் என் அக்கா வீடு. செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம், வந்தவாசி வட்டத்தில் இருக்கிற சிற்றூர் இது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலுக்காக வெளியூர்க்காரர்கள் எப்போதாவது வருவார்கள். கல்வெட்டில் அதற்கு அவனிபாஜன பல்லவேச்வரம் என்று பெயர். ஊரில் தூணாண்டார் கோயில். தூண்களில் சிங்கங்கள் இருக்கின்றன, ஆடும் சிவனின் பல்லவர் காலத்துச் சிறு சிற்பம் ஒன்றும் இருக்கிறது. அக்கா மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், அங்கே கிரேக்க உணவகத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற ஒரு வெள்ளைப் பதார்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பெயர் ட்ஸாட்ஸிகி. தயிர், வெள்ளரி, பூண்டு, எண்ணெய், உப்பு, ஏதோ ஒரு கீரை. "இவ்வளவுதானே, இது நம்ம பச்சடிதானே" என்று நான் இறங்கினேன். வெள்ளரியைத் துருவினேன், தயிரில் போட்டேன், உப்பும் பூண்டும் சேர்த்தேன், இரண்டு மணி நேரம் ஊறட்டும் என்று மூடி வைத்தேன். சாப்பிடும்போது அவள் கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். ஒழுகியது.

"மாமா, இது மோர்."

அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். செஞ்சிக் கோட்டையை வெள்ளைக்காரர்கள் கிழக்கின் ட்ராய் என்று அழைத்தார்கள். கிரேக்கர்கள் ட்ராயைப் பத்து வருடம் முற்றுகையிட்டதாகக் கதை. முகலாயப் படை செஞ்சியை 1690-இலிருந்து 1698 வரை வளைத்துக்கொண்டு கிடந்தது வரலாறு. "அவங்களே எட்டு வருஷம் உக்காந்திருந்தாங்க, நீ இன்னொரு நாள் முயற்சி பண்ணக்கூடாதா" என்றாள். பண்ணினேன். அதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலிருந்து வந்திருந்தது: பாதி வெள்ளரியிலிருந்து, பாதி தயிரிலிருந்தே.

வெள்ளரியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். ஒரு காயைக் கையில் பிடித்தால் கட்டியாக, கடித்தால் மொறுமொறுவென்று இருப்பதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நீர்ப்பை இருக்கிறது. அது நிறைந்து செல்சுவரை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. காற்றடித்த சைக்கிள் டியூபைப் போல. காற்று இறங்கினால் டியூப் தொய்வது மாதிரி, நீர் இறங்கினால் காய் துவண்டுபோகிறது. இரண்டு நாள் கூடையில் கிடந்த வெள்ளரி வளைகிறதே, அது இதுதான்.

இப்போது துருவிய காய்மீது உப்பு விழுகிறது. அங்கே இருக்கிற ஈரத்தில் உப்பு கரைந்து ஒரு கெட்டியான உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. செல்லின் சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பை எளிதில் விடாது. சவ்வுக்கு உள்ளே நீர்த்த கரைசல், வெளியே கெட்டிக் கரைசல். தண்ணீர் கெட்டியான பக்கத்தைத் தேடிப் போகிறது. சவ்வூடுபரவல் என்று பத்தாம் வகுப்பில் உலர்ந்த திராட்சையை வைத்துப் படித்தோம். திராட்சை உப்பியது நினைவிருக்கும், இங்கே நடப்பது அதன் தலைகீழ். ஊறுகாய்க்கு மாங்காய் உப்பில் போட்ட மறுநாள் ஜாடியில் நீர் நிற்பதும், கருவாட்டுக்கு மீனில் உப்பு அப்புவதும் இதே கணக்கு.

என் கிண்ணத்தில் உப்பு தயிரோடு கலந்திருந்தது. தயிர் முழுவதுமே ஒரு உப்புக் கரைசலாகி, துருவலைச் சுற்றி நின்று இரண்டு மணி நேரமாக நீரை உறிஞ்சி எடுத்திருக்கிறது. கிரேக்கப் பாட்டிகள் இதை வேறு வரிசையில் செய்கிறார்கள். முதலில் துருவலில் உப்பைப் பிசிறி ஒரு வடிதட்டில் அரை மணி நேரம் வைத்துவிடுகிறார்கள். பிறகு துணியில் கொட்டி முறுக்கிப் பிழிகிறார்கள். நான் மறுநாள் அப்படிப் பிழிந்தபோது இரண்டு காயிலிருந்து அரை டம்ளருக்கு மேல் பச்சைத் தண்ணீர் வந்தது. கையில் மிஞ்சியது ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டை. அதைப் பார்த்து அக்காவுக்கு மனசே ஆறவில்லை. "சத்தெல்லாம் அதுல போயிடுச்சே" என்றார். சத்து பெரிதாகப் போகவில்லை, போனது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனாலும் அந்த நீரை அவர் கொட்ட விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிழிந்த பிறகும் வெள்ளரி வாசனை அந்த உருண்டையில் தங்கியிருந்தது. அந்த வாசனைக்கு ஒரு தனிக் கதை உண்டு. முழுக் காயை முகர்ந்து பாருங்கள், ஒன்றும் பெரிதாக இருக்காது. கத்தி பட்ட மறுகணம் அறை முழுக்கப் பரவும். காரணம், வாசனை காய்க்குள் முன்கூட்டியே தயாராக இல்லை. செல் உடையும்போது, தனித்தனி அறைகளில் இருந்த கொழுப்பு அமிலமும் நொதிகளும் சந்திக்கின்றன. நொதிகள் அந்த அமிலத்தைத் துண்டாக்கி, நோனாடையீனல் என்ற ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட பொருளைச் சில விநாடிகளில் உண்டாக்குகின்றன. நமக்கு அது வெள்ளரி வாசனை. செடிக்கு அது காயம்பட்டதன் எதிர்வினை. இந்தப் பொருள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். கொழுப்பு நிறைந்த கெட்டித் தயிர் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மறுநாள் திறந்தாலும் மணக்கிறது.

ஆயாவிடம் வாங்கிய பிஞ்சில் அந்த வாசனை குறைவாகத்தான் இருந்தது. அப்போதுதான் தோலைத் தடவிப் பார்த்தேன். மெல்லிய பூனைமுடி. சந்தையில் வருகிற கரும்பச்சைக் காயின் பிஞ்சில் முடி இராது. சின்னச் சின்ன முண்டும் முள்ளும் இருக்கும். நாம் இரண்டையும் வெள்ளரி என்றே சொல்கிறோம், ஆனால் தாவரவியலில் இவை வேறு வேறு இனங்கள். ஏரி வற்றிய நிலத்திலும் அறுவடை முடிந்த கழனியிலும் கோடையில் ஓடுகிற நாட்டு வெள்ளரி முலாம்பழத்தின் சாதி. பழுத்து வெடித்து மாவாக உதிர்கிற வெள்ளரிப்பழத்துக்குச் சர்க்கரை தூவித் தின்கிறோமே, அதுவும் முலாம்பழச் சாதிதான். கரும்பச்சை வெள்ளரிக்கு 7 இணை குரோமோசோம்கள், முலாம்பழச் சாதிக்கு 12. ஒன்றோடொன்று சாதாரணமாகக் கலக்காது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று இருக்கிறது. கரும்பச்சை வெள்ளரியின் முன்னோர் இமயமலை அடிவாரத்துக் காட்டுக்கொடி. உருண்டையான, வாயில் வைக்க முடியாத கசப்புக் காய். அதைத் திருத்திப் பயிராக்கியது இந்தியத் துணைக்கண்டம். அது மத்தியதரைக் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது பண்டைய கிரேக்க, ரோமக் காலத்துக்குப் பிறகுதான் என்று அந்தக் காலத்து ஓவியங்களையும் எழுத்துகளையும் ஆராய்ந்த தாவர வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். பழைய கிரேக்கர்கள் தின்ற காய் முடியுள்ள, நீண்ட, பிஞ்சில் பச்சையாகத் தின்னும் முலாம்பழச் சாதி. அதாவது இன்றைய ஏதென்ஸ் உணவகத்தில் துருவுவது நம் ஊர்க் காய். பழைய ஏதென்ஸ் கடைத்தெருவில் விற்றது கிட்டத்தட்ட ஆயாவின் சாக்கில் இருப்பது.

கசப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காம்புப் பக்கத்தை நறுக்கி, நறுக்கிய துண்டால் வட்டமாகத் தேய்த்து வெள்ளை நுரை வரவழைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. நுரைப்பது கொடியின் உணவுக்குழாய்ச் சாறு. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் காம்பு ஓரத்திலும் தோலுக்கு அடியிலும் அதிகமாகத் தங்குவது உண்மை. ஆகவே நறுக்கி எறிவதால் பலன் உண்டு. தேய்ப்பதால் மட்டும் காய் முழுக்க இருக்கிற கசப்பு வெளியே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2014-இல் சீன ஆய்வாளர்கள் இந்தக் கசப்பு உருவாகும் பாதையில் ஒன்பது மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். இலையில் கசப்பை இயக்க ஒரு விசை, காயில் இயக்க வேறொரு விசை. மனிதன் பயிராக்கும்போது காயின் விசை அணைந்துபோயிருக்கிறது. இலை இன்னும் கசக்கிறது, பூச்சியை விரட்ட அது தேவை. தண்ணீர் இல்லாமல் கொடி வாடும்போது சில காய்களில் கசப்பு தலைகாட்டும். நுனியைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் அந்தக் காயையே எறிந்துவிட வேண்டும். தயிர் அதை மறைக்காது, மறைத்தாலும் வயிற்றுக்கு ஆகாது.

இனி தயிர். என் கிண்ணத்தில் விழுந்த மீதிப் பாதித் தண்ணீர் இங்கிருந்து வந்தது.

தயிர்ப் பானையில் ஒரு கரண்டி அள்ளி எடுத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அள்ளிய குழியில் மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிநீர் நிற்கும். அந்த நிறம் ரிபோஃபிளேவின் என்ற பி2 உயிர்ச்சத்து. பாலிலும் அது இருந்தது, வெள்ளைக்குள் மறைந்திருந்தது. ஆக, தயிர் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு வலை. வலையைக் கிழித்தால் நீர் கசியும். நான் கிண்ணத்தில் கரண்டி விட்டு நன்றாக அடித்துக் கலக்கியிருந்தேன்.

வலை எப்படி உண்டாகிறது? பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது பாலில் கரைந்து கிடக்கவில்லை. கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியவை. ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர்மின்னேற்றம் கொண்ட மயிர்கள் போன்ற படலம் இருக்கிறது. அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. பால் பாலாக இருக்கிறது.

உறைமோர் விட்டதும் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலின் பி.எச். அளவு 6.7 அளவிலிருந்து இறங்குகிறது. இறங்க இறங்க மயிர்களின் மின்னேற்றம் கரைகிறது, உருண்டைகளைப் பிணைத்திருந்த கால்சியம் கழன்று நீரில் கலக்கிறது. 4.6-ஐ நெருங்கும்போது தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை. உருண்டைகள் ஒட்டிச் சங்கிலியாகி, சங்கிலிகள் பின்னி வலையாகின்றன. கொழுப்புத் துளிகளும் தண்ணீரும் அந்த வலைக் கண்களில் சிக்கிக்கொள்கின்றன. இரவு ஊற்றி வைத்த பால் காலையில் சாய்த்தாலும் கொட்டாது.

உறை ஊற்றும் முன் பாலைப் பொங்கக் காய்ச்சுகிறோமே, அதைக் கிருமிக்கு என்று மட்டும் நினைத்திருந்தேன். வலைக்கும் அது அவசியம். பாலில் கேசீன் தவிர இருக்கிற மற்றப் புரதங்கள் 80 டிகிரிக்கு மேல் சூடாகும்போது சுருள் அவிழ்ந்து கேசீன் உருண்டைகளின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு வலை பின்னும்போது அவையும் சேர்ந்து நூலாகின்றன. நூல் கூடினால் வலை நெருக்கமாகும், நீர் குறைவாகக் கசியும். தொழிற்சாலைகளில் 85 டிகிரியில் அரை மணி நேரம் பாலை வைப்பது இதற்காகத்தான். அடுப்பில் பாலைச் சிறு தீயில் இறுகக் காய்ச்சி விட்டு உறை ஊற்றிய பழைய ஆட்களின் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருந்ததில் ஆச்சரியமில்லை.

இத்தனைக்கும் பிறகு நம் சாதாரணத் தயிர் ட்ஸாட்ஸிகிக்குப் போதாது. அதை வடிக்க வேண்டும். சுத்தமான வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிதட்டில் விரித்து, தயிரைச் சரித்து, நாலு முனையையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மராட்டியர்கள் ஸ்ரீகண்டுக்கு இப்படித்தான் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அரபு நாடுகளில் லப்னே. கிரேக்கர்களின் வடித்த தயிருக்கு இன்று உலகச் சந்தையில் 'கிரீக் யோகர்ட்' என்று பெயர், கடையில் டப்பா விலையைப் பார்த்தால் அக்கா மயங்கிவிடுவார். ஒரு லிட்டர் தயிர் ஐந்தாறு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. தண்ணீர் வெளியேறியதால் புரதம் இருமடங்கு செறிவானது, மாயமொன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: சித்திரையில் துணியைச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டால், வடிவதற்குள் புளித்துப் பல் கூசும். பாக்டீரியாக்கள் துணிக்குள்ளும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன, நாற்பதை ஒட்டிய வெப்பம் அவற்றில் பலவற்றுக்குத் திருவிழா. வடிதட்டை ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவதே வழி. கிரேக்க, பல்கேரியத் தயிரில் இரண்டு பாக்டீரியாக்கள் கூட்டாக வேலை செய்கின்றன, அவற்றுக்கு 42 டிகிரி போல் சூடு பிடிக்கும். அவற்றில் ஒன்றை 1905-இல் ஜெனீவாவில் கண்டுபிடித்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர். பல்கேரியாவின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. நம் வீட்டு உறைமோரில் இருப்பது கலப்புக் கூட்டம். அறை வெப்பத்தில் வளர்கிற லாக்டோகாக்கஸ் வகைகள் அதில் முக்கியமானவை. அதனால் வெண்ணெய் வாசனை நம் தயிரில் கூடுதல். அக்கா வீட்டு உறைமோர் எத்தனை வருடத்தது என்று அவருக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் வாங்கியது, அவர்கள் வேறு எங்கோ வாங்கியது.

எந்தப் பால்? கிரேக்கர்களின் நல்ல தயிர் செம்மறியாட்டுப் பாலில் வந்தது. அதில் கொழுப்பு 6, 7 சதவீதம், புரதம் 5 சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சொச்சம். எருமைப் பாலில் கொழுப்பு 7, புரதம் 4 சதவீதத்துக்கு மேல். செம்மறிக்குப் பக்கத்தில் வருவது நம் எருமைதான். நிறத்திலும் அப்படியே: பசும்பாலின் மஞ்சள் சாயல் கரோட்டினால் வருவது, எருமையும் செம்மறியும் அதை முழுக்க உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் பால் சுண்ணாம்பு வெள்ளை. எருமை வைத்திருக்கும் வீடு அருகில் இல்லாதவர்கள் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்கலாம், 6 சதவீதக் கொழுப்பு. நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான். அதில் ட்ஸாட்ஸிகி செய்தால் புளிப்பு முன்னால் நிற்கும், நாக்கில் வழுவழுப்பு இராது.

பூண்டுக்கு வருவோம். பூண்டும் வெள்ளரியைப் போலத்தான், உடைத்தால்தான் மணம். அலியின் என்ற மணமற்ற பொருள் ஓர் அறையில், அதை வெட்டும் நொதி இன்னோர் அறையில். நசுக்கினால் இரண்டும் சேர்ந்து அலிசின் பிறக்கிறது, கண்ணைக் கரிக்கிறது. கடும் புளிப்பு அந்த நொதியை முடக்கும். பூண்டை எலுமிச்சைச் சாற்றிலேயே நசுக்கினால் காரம் அடங்கியே இருக்கும். கல் உப்போடு அம்மியில் அரைத்துச் சிறிது நேரம் விட்டுப் பிறகு தயிரில் சேர்த்தால் முழுக் காரமும் ஏறும். இரண்டு பல் போதும் என்பது என் அபிப்பிராயம். உணவகத்தில் நாலு போடுகிறார்கள் என்றாள் அக்கா மகள். வாய் நாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம்: 2023-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பச்சைப் பூண்டோடு தயிரைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சோதித்தபோது, நாற்றம் தரும் முக்கியமான ஆவிப்பொருள்களில் 99 சதவீதம் அடங்கிப்போனது. தயிரின் கொழுப்பும் புரதமும் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. குப்பியில் நடந்தது வாயிலும் அதே அளவு நடக்கும் என்று அர்த்தமில்லை. பூண்டு ரசம் குடித்துவிட்டு மோர் சோறு சாப்பிடுகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்கலாம்.

ஆலிவ் எண்ணெய் வந்தவாசிக் கடையில் சிறு பாட்டிலாகக் கிடைத்தது. இந்தப் பக்கத்துக்கு அது புதிதும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அங்கே கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டு இருபிடிச் சாடிகளில் மதுச் சாடி இருக்கிறது, மீன்சாறு வந்த சாடி இருக்கிறது, ஆலிவ் எண்ணெய் வந்த சாடியும் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அந்த எண்ணெயை வாங்கியவர் அதை எதற்குத் தொட்டுக்கொண்டாரோ. எனக்குச் செக்கு நல்லெண்ணெயில் செய்து பார்க்கவும் ஆசை. செய்தேன், எள் வாசனை வெள்ளரியை அமுக்கிவிட்டது. அது இட்லிப் பொடிக்கே இருக்கட்டும்.

கீரை விஷயத்தில் ஒரு அதிசயம் சிக்கியது. கிரேக்க வீடுகளில் சிலர் ட்ஸாட்ஸிகிக்கு டில் இலை போடுகிறார்கள், சிலர் புதினா. டில் என்பது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சதகுப்பைதான். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே விதை. சதகுப்பை விதையின் மணத்துக்கு முக்கியக் காரணம் கார்வோன். நாட்டுப் புதினாவின் மணத்துக்கும் காரணம் கார்வோன்தான். அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கை ஒன்றே, இணைந்திருக்கும் வரிசையும் ஒன்றே. இடது கைக்கும் வலது கைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்: ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். இடது செருப்பு வலது காலில் சரியாக உட்காராதது போல மூக்கின் ஏற்பிகளில் இரண்டும் வேறு வேறு விதமாக உட்காருகின்றன. ஒன்று குளுகுளுவென்று புதினாவாகவும் மற்றது சோம்புக்குத் தங்கச்சி போலவும் தெரிகிறது. சதகுப்பை இலை எனக்கு இங்கே அகப்படவில்லை. கொல்லையில் புதினா இருந்தது.

மறுநாள் கிண்ணம் சரியாக வந்தது. வடித்த எருமைத் தயிர், பிழிந்த வெள்ளரி உருண்டை, அம்மியில் அரைத்த பூண்டு, இரண்டு கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கிள்ளிய புதினா. உப்பைச் சுவைத்துப் பார்த்தே சேர்த்தேன். பிழிந்த துருவலிலேயே பாதி இருக்கிறது. ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தேன், பூண்டு வாசனை கொழுப்பு முழுக்கப் பரவ அவ்வளவு நேரம் ஆகிறது. கரண்டியை நட்டால் நின்றது. மூன்று நாள் வரை ஃபிரிட்ஜில் தாங்கும், புளிப்பு கெடாமல் காக்கிறது.

இதனால் நம் பச்சடி குறைந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிக்கல் ஒன்று, வழி வேறு. கிரேக்க முறை தண்ணீரை முன்கூட்டியே விரட்டிவிடுகிறது, ஆகவே காத்திருக்கலாம், டப்பாவில் அடைக்கலாம், விற்கலாம். நம் முறையில் வெள்ளரியை நறுக்கித் தயாராக வைத்திருப்பார்கள், தயிரைத் தனியே வைத்திருப்பார்கள், இலை போட்ட பிறகே இரண்டையும் கலந்து உப்பு போடுவார்கள். தண்ணீர் விடுவதற்குள் பந்தி முடிந்துவிடும். கல்யாண வீட்டில் சமையல்காரர் "பச்சடிக்கு இப்ப உப்பு போடாதீங்க" என்று உள்ளிருந்து கத்துவது ஆயா சொன்ன அதே வரிதான். வெள்ளரியின் மொறுமொறுப்பை அப்படியே பல்லுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பச்சடி மட்டும்தான்; பிழிந்த வெள்ளரியில் அது செத்துப்போயிருக்கிறது.

தண்ணீரைக் கட்டிப்போடவும் நம்மிடம் வழி உண்டு. அரைத்த தேங்காய் கொஞ்சம் உறிஞ்சும். தஞ்சைப் பக்கத்து டாங்கர் பச்சடியில் வறுத்த உளுந்துமாவைத் தயிரில் கரைப்பார்கள். மாவரைக்கும்போது கையில் வழவழவென்று இழுக்கிற உளுந்தின் பசை, நீரைப் பிடித்து நிறுத்துகிற ஒரு கூட்டுச் சர்க்கரை. கடுகு தாளிப்பதில் உள்ள நுணுக்கமும் சொல்லத் தக்கது. கடுகின் காரத்தை உண்டாக்குவதும் உடைந்தால் விழிக்கிற ஒரு நொதிதான். காய்ந்த எண்ணெயில் விழுந்தால் நொதி செத்து, காரம் போய், கொட்டைப் பருப்பு போல ஒரு மணம் மட்டும் நிற்கும். கேரளத்து வெள்ளரிக்காய்ப் பச்சடியில் கடுகைப் பச்சையாக நசுக்கிச் சேர்க்கிறார்கள், மூக்கில் ஏறும். பச்சைமிளகாய்க் காரத்தைத் தயிர் தணிப்பது கேசீனின் வேலை; காரப்பொருளைச் சுற்றிப் பிடித்து நாக்கிலிருந்து கழற்றிக் கொண்டுபோகிறது. வெறும் தண்ணீரால் அது முடியாது.

மத்தியானம் சப்பாத்தியோடு கிண்ணத்தை நடுவில் வைத்தோம். அக்கா மகள் வழித்து வழித்துத் தின்றாள். அதற்குள் அக்கா, தயிரிலிருந்து வடிந்த தெளிநீரைக் கேழ்வரகுக் கூழில் ஊற்றிக் கரைத்திருந்தார். வெள்ளரி பிழிந்த பச்சைத் தண்ணீரும் அதிலேயே விழுந்திருந்தது. "அதுலதான் உப்பு இருக்கே, தனியா எதுக்குப் போடணும்" என்றார். கூழைக் குடித்துவிட்டு, கிண்ணத்தின் ஓரத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா இது பச்சடி இல்ல. தொவையல்."